கைக்கு ஏற்ற கன்ட்ரோலர்: வாங்கும் முன் நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

சென்ற ஆண்டு, வீடு தேடிச் சென்று நோயாளிகளைப் பார்க்கும் எங்கள் மறுவாழ்வுச் சிகிச்சைக் குழு பாலசமுத்திரத்தில் ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தது. நோயாளி 22 வயது இளைஞர். இருசக்கர வாகன விபத்தில், கழுத்திலிருந்து வலக் கைக்குச் செல்லும் நரம்புப் பின்னல் பிய்ந்துபோய், தோள் முதல் விரல்நுனி வரை அந்தக் கை அசைவற்றிருந்தது. விபத்து நடந்து ஏழு மாதங்கள் கடந்திருந்தன. இயன்முறைப் பயிற்சிகளைத் தவறாமல் செய்துவந்தார். மாத்திரைகளையும் ஒழுங்காக உட்கொண்டார். ஆனால் நண்பர்கள் வந்தால் உறங்குவதுபோல் படுத்துக்கொள்வதாகத் தாயார் கூறினார். விபத்திற்கு முன், இரவு உணவுக்குப் பிறகு நண்பர்கள் நால்வரும் அவரவர் வீட்டிலிருந்தபடியே கணினியில் கால்பந்து விளையாட்டு ஆடுவது வழக்கமாம்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணன், தம்பியின் மனம் சற்றுத் தேறட்டும் என்று, ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியைச் செலவிட்டு, போட்டியாளர்கள் பயன்படுத்தும் விலையுயர்ந்த கன்ட்ரோலர் ஒன்றை இணையவழியில் வாங்கித் தந்திருந்தார். பின்புறத்திலும் கூடுதல் பொத்தான்கள் கொண்ட கருவி அது. இரு கைகளும் நன்றாக உள்ளவருக்கு அது வரம். ஒரு கை உள்ளவருக்கு அதைச் சரியாகப் பிடிக்கவே இயலாது. பிரித்த பெட்டி அன்றே மூடப்பட்டு அலமாரியின் மேலே போய்விட்டது.

"விலை கூடினது நல்லா இருக்கும்னு நெனச்சுட்டனுங்க டாக்டர்" என்றார் அண்ணன். தாயார் மெல்லிய குரலில், "கையே வராத புள்ளைக்கு வெளையாட்டுச் சாமான் எதுக்குங்க?" என்று கேட்டார்.

இவ்விரு பேச்சுகளையும் வெவ்வேறு வடிவில் பல வீடுகளில் கேட்டுவிட்டோம். ஆகவே இந்த இதழில் இதைப் பற்றி விரிவாக எழுத முடிவு செய்தோம்.

தாயாரின் கேள்விக்கு முதலில் விடை கூறுகிறோம். மறுவாழ்வு மருத்துவம் என்பது நடக்கவும் உண்ணவும் மட்டும் பழக்குவதன்று. ஒருவர் தம் மனிதர்களோடு முன்பு எதைச் சேர்ந்து செய்தாரோ, அதற்குத் திரும்புவதும் அதில் அடங்கும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இத்துறையை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் இரு கால்களும் செயலிழந்தவர். அதன்பின் அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தும் செய்யலாம் என்பதே அங்கு வழியைத் திறந்தது. இழந்ததைப் பார்த்து வேலையைக் கைவிடாமல், எஞ்சியிருப்பதைப் பார்த்து வேலையை மாற்றியமைப்பதே எங்கள் துறையின் வழி. விளையாட்டுக் கருவிக்கும் இதே வழிதான் பொருந்தும்.

கருவிக்கு முன் கை

கடைக்குச் செல்பவர் பெரும்பாலும் எந்தக் கன்ட்ரோலர் நல்லது என்று கேட்கிறார். எந்த அசைவு நம்பத்தக்கது என்பதே நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி. கட்டைவிரல் அசைவாக இருக்கலாம். முழங்கையைப் பக்கவாட்டில் நகர்த்துவதாக இருக்கலாம். பாதம், முழங்கால், தலை, ஏன், மூச்சாகவும் இருக்கலாம். வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். அந்த அசைவை நினைத்தவுடன் தொடர்ந்து பத்து முறை செய்ய முடிகிறதா? வலியின்றி, தோளையோ பல்லையோ இறுக்காமல் செய்ய முடிகிறதா? இருபது நிமிடம் கழித்தும் அதே அளவில் வருகிறதா?

நான்காவதாக ஒன்று உண்டு. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அழுத்த முடிவது மட்டும் போதாது, விடுவிக்கவும் முடிய வேண்டும். பக்கவாதத்திற்குப் பின் தசை இறுக்கம் உள்ள கை, பொத்தானை எளிதாக அழுத்தும்; விரலை எடுக்கத்தான் திணறும். அத்தகைய கையில் துப்பாக்கிக் குதிரை போன்ற விசையைக் கொடுத்தால் திரையில் ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும், விரல் பிரியாது. கையின் இறுக்கமும் கூடிவிடும். அவருக்கு மேலிருந்து புறங்கையால் தட்டும் பெரிய, தட்டையான பொத்தான் உகந்தது.

வழக்கமான கன்ட்ரோலர் எதைக் கேட்கிறது என்பதையும் பாருங்கள். சோனி நிறுவனம் 1997-இல் வெளியிட்ட டூயல்ஷாக் தொடங்கி இன்று வரை, அடிப்படை வடிவம் பெரிதாக மாறவில்லை: இரு கட்டைவிரல்களுக்கு இரண்டு குச்சிகள், வலப்புறம் நான்கு பொத்தான்கள், இடப்புறம் திசைப்பொத்தான், மேல்விளிம்பில் சுட்டுவிரல்களுக்கு நான்கு விசைகள். இவை அனைத்தையும் ஏறத்தாழ 280 கிராம் எடையுள்ள கருவியை அந்தரத்தில் தாங்கியபடியே இயக்க வேண்டும். நலமானவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மூட்டுவாதமோ தசைநலிவோ உள்ளவருக்கு, பிடித்திருப்பதே பாதி உழைப்பைத் தின்றுவிடும்.

செலவில்லாத மாற்றங்களிலிருந்து தொடங்குங்கள்

ஆகவே முதல் வேலை, ஏற்கெனவே வீட்டில் உள்ள கருவியைக் கையிலிருந்து இறக்கி மேசைமேல் வைப்பது. சமையலறை அலமாரித் தட்டில் விரிக்கும் வழுக்காத ரப்பர் விரிப்பை ஒரு சாண் அளவு வெட்டி அடியில் போட்டால் கருவி நகராது. மேசையின் உயரம், முழங்கை மேசைமேல் தளர்ந்து கிடக்குமாறு இருக்க வேண்டும்.

அடுத்தது, பொத்தான்களின் வேலையை இடம் மாற்றுவது. பிளேஸ்டேஷன் 4, 5, எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ ஸ்விட்ச் ஆகிய எல்லாவற்றிலும் இதற்கான வசதி அமைப்புப் பகுதியிலேயே உண்டு. கணினியில் ஸ்டீம் செயலி வழியாக ஆடுபவர்களுக்கு இன்னும் விரிவான வசதி கிடைக்கிறது. எட்டாத விரலின் வேலையை எட்டும் விரலுக்குக் கொடுத்துவிடலாம். பொத்தானைத் தொடர்ந்து அழுத்திப் பிடிக்க வேண்டிய இடங்களில், ஒருமுறை தட்டினால் போதும் என்று மாற்றிக்கொள்ளும் வசதியும் பல விளையாட்டுகளில் உண்டு. அதிர்வை நிறுத்திவிடுங்கள். பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலரின் விசைகள் விளையாட்டுக்கேற்ப இறுகும் தன்மை கொண்டவை, அதையும் நிறுத்தலாம்.

இரண்டு கன்ட்ரோலர்களை ஒரே ஆட்டக்காரரின் கருவியாகக் கணக்கிடும் வசதியை எக்ஸ்பாக்ஸ் 2017-இலும் பிளேஸ்டேஷன் 5 2023-இலும் கொண்டுவந்தன. குடும்பத்தாருக்கு நாங்கள் மிகவும் விரும்பிச் சொல்வது இதைத்தான். தம்பி ஓடுவதைப் பார்த்துக்கொள்ள, அக்கா உதைப்பதைப் பார்த்துக்கொள்ளலாம். பேரன் சண்டையிட, தாத்தா நடக்கலாம். புதிய கருவி வாங்காமலேயே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடுவதுண்டு. ஆனால் உதவுபவர் பொறுமையுள்ளவராக இருக்க வேண்டும்; எல்லாப் பொத்தானையும் தாமே அழுத்திவிடும் அன்பு மிகுந்த அண்ணன்மார்களையும் பார்த்திருக்கிறோம்.

வாங்கத்தான் வேண்டுமென்றால்

மேற்கண்டவை போதாதபோதுதான் தனிக் கருவி. எடை மட்டுமே சிக்கல் என்றால், நின்டெண்டோ ஸ்விட்ச்சின் ஜாய்கான் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 கிராம்தான். இரண்டையும் பிரித்து, கைகளை மடியிலோ நாற்காலியின் கைகளிலோ வைத்தபடி ஆடலாம். ஒன்றை மட்டும் கொண்டே ஆடக்கூடிய விளையாட்டுகளும் உண்டு. குறை என்னவென்றால், பொத்தான்கள் மிகச் சிறியவை. விரல் மூட்டுகள் வீங்கியவர்களுக்கு அவை எரிச்சலூட்டும். எய்ட்பிட்டோ நிறுவனத்தின் லைட் எஸ்இ என்ற கருவியில் மேல்விளிம்பு விசைகளே கிடையாது. எல்லாப் பொத்தான்களும் முகப்பிலேயே உள்ளன. அழுத்தவும் குறைந்த விசையே போதும். மேசைமேல் தட்டையாக வைத்து ஆட, தசைநலிவு உள்ள சிறுவர்களுக்கு இது பொருந்தும்.

கை அசைவு மிகவும் குறைந்தவர்களுக்கென்றே உருவான இரு கருவிகளை இனிக் காண்போம். மைக்ரோசாஃப்ட் 2018-இல் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரில் உள்ளங்கை அளவுள்ள இரண்டு பெரிய பொத்தான்கள் உள்ளன. அதன் பின்புறத்தில், இயர்போன் செருகும் துளையைப் போன்ற 3.5 மி.மீ. துளைகள் 19 இருக்கின்றன. இரண்டு யுஎஸ்பி துளைகளும் உண்டு. ஒவ்வொரு துளையும் ஒரு பொத்தானுக்கு உரியது. எந்தத் துளையில் எந்தச் சுவிட்சைச் செருகி அதை உடலின் எந்தப் பகுதிக்கு அருகில் வைப்பது என்பது நம் விருப்பம். அது வரும் அட்டைப்பெட்டிகூட, பல்லால் கடித்துப் பிரிக்கத் தேவையின்றி, வளையத்தில் விரலையோ முன்கையையோ நுழைத்து இழுத்தால் திறக்குமாறு அமைக்கப்பட்டது. சிகிச்சை உபகரணங்கள் செய்பவர்களே அதைக் கற்றுக்கொள்ளலாம் என்று எங்களுக்குத் தோன்றியதுண்டு. இது எக்ஸ்பாக்ஸிலும் விண்டோஸ் கணினியிலும் இயங்கும். லாஜிடெக் 2019-இல் இதற்கென 12 பொத்தான்களும் விசைகளும் அடங்கிய ஒரு தொகுப்பை வெளியிட்டது.

சோனியின் ஆக்சஸ் கன்ட்ரோலர் 2023 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 5-க்காக வந்தது. தட்டு வடிவம், ஓரத்தில் ஒரு குச்சி, சுற்றிலும் பொத்தான்கள். பொத்தான்களின் மூடிகளைக் கழற்றி வேறு வடிவ மூடிகளை மாட்டலாம். குச்சியின் தூரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். தட்டை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பி வைத்து, இதுதான் மேற்பக்கம் என்று கருவிக்குச் சொல்லிவிடலாம். மடியில் சாய்வாகக் கை கிடக்கும் நோயாளிக்கு இந்தத் திருப்பும் வசதி பெரிதும் உதவும். இதிலும் 3.5 மி.மீ. துளைகள் நான்கு உள்ளன.

கழுத்துக்குக் கீழ் முழுவதும் செயலிழந்தவர்களுக்கும் வழி உண்டு. நின்டெண்டோ 1989-லேயே, மார்பில் அணிந்துகொண்டு, தாடையால் குச்சியை நகர்த்தி, குழாயில் மூச்சை ஊதியும் உறிஞ்சியும் ஆடும் ஒரு கருவியை விற்றது. இன்று குவாட்ஸ்டிக் என்ற கருவி அதே முறையில், ஆனால் பன்மடங்கு நுட்பமாக இயங்குகிறது. நுரையீரல் திறன் குறைந்தவர்கள் இதை வாங்கும் முன் எங்களிடம் கட்டாயம் காட்ட வேண்டும். வாய்க்குழாயை வேறொருவருடன் பகிரக் கூடாது.

இக்கருவிகள் மலிவானவை அல்ல. வெளிநாட்டிலிருந்து தருவித்தால் சுங்கவரியும் சேரும். பழுதுபார்க்கும் பொறுப்பை இங்கே யார் ஏற்பார் என்பதையும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாலசமுத்திரத்து வீட்டில் நடந்தது

மேற்கண்ட விலைகளைக் கேட்டுத் தயங்குபவர்களுக்காக, அந்த இளைஞரின் கதைக்குத் திரும்புகிறோம். அவருடைய இடக் கை முழுத்திறனுடன் இருந்தது. இரு கால்களும் நன்றாக இருந்தன. எங்கள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வீட்டில் பழைய கன்ட்ரோலர் ஏதேனும் உண்டா என்று கேட்டார். கம்பி வைத்த மலிவான ஒன்று கிடைத்தது. அதை ரப்பர் விரிப்பின்மேல் வைத்து, இடக் கட்டைவிரல் குச்சியையும், சுட்டுவிரலும் நடுவிரலும் மேல்விளிம்பின் இரண்டு விசைகளையும் ஆளுமாறு அமைத்தார்கள். பந்தைக் கடத்தும் வேலையும் ஓடும் வேலையும் இடப்பக்க விசைகளுக்கு மாற்றப்பட்டன. மிஞ்சியவை இரண்டு: கோலை நோக்கி உதைப்பது, எதிராளியிடம் பந்தைப் பறிப்பது. இவ்விரண்டையும் கால்களுக்குக் கொடுக்கலாம் என்றோம்.

அண்ணனுக்கு உடனே தையல் எந்திர மோட்டாரின் மிதி நினைவுக்கு வந்தது. நல்ல யோசனைதான், ஆனால் தடுத்துவிட்டோம். அந்த மிதியில் வீட்டு மின்சாரம் நேரடியாகப் பாயும். கன்ட்ரோலரின் பொத்தான் என்பது இரண்டு கம்பிகளைத் தொடவைக்கும் வெறும் இணைப்பு. அதற்குள் வெளி மின்சாரம் ஒரு சொட்டும் புகக் கூடாது. பிறகு பழனியில் தொலைக்காட்சி பழுதுபார்க்கும் ஒருவர், கன்ட்ரோலரைத் திறந்து அந்த இரண்டு பொத்தான்களின் தொடுபுள்ளிகளிலிருந்து கம்பி இழுத்து, இரண்டு 3.5 மி.மீ. துளைகளைப் பொருத்திக் கொடுத்தார். கால்மிதியாக அமைந்தவை இரண்டு காலிங்பெல் பொத்தான்கள், ஒரு பலகையில் ஆணியடித்தவை. பொத்தான் சிறியதாக இருந்ததால் குதிகாலை ஊன்றிப் பெருவிரலால் தேட வேண்டியிருந்தது. அதன்மேல் ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தை வெட்டி ஒட்டியதும் சரியாயிற்று. விலையுயர்ந்த கருவியைத் திருப்பி எடுத்துக்கொள்ள, அதை விற்ற கடை மறுத்துவிட்டது; காலக்கெடு கடந்துவிட்டதாம். அதை நண்பர் ஒருவர் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டார்.

அவர் முன்பு போல் ஆடுகிறாரா என்றால், இல்லை. நண்பர்கள் நால்வரில் அவர்தான் இப்போது அதிகம் தோற்கிறார். ஆனால் ஆட்டத்தின்போது பேசிக்கொள்ளும் பேச்சில் அவர் குரல் மீண்டும் கேட்கிறது. எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று உறுதி கூற மாட்டோம். வலி மிகுந்த வேறொரு நோயாளி, எவ்வளவு மாற்றியமைத்தும், இரண்டே நாளில் போதும் என்று வைத்துவிட்டார்.

எந்த இயந்திரத்தில் எது ஓடும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறோம். பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரைப் பிளேஸ்டேஷன் 5-இல் இணைத்தால் பழைய, அதாவது 4-க்கான விளையாட்டுகளையே ஆட முடியும். எக்ஸ்பாக்ஸ், 2023-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, அனுமதி பெறாத பிற நிறுவனக் கருவிகளை ஏற்பதில்லை. மலிவு விலைக் கருவி வாங்குவோர் கவனிக்கவும். கணினி எல்லாவற்றிலும் தாராளமானது. உடல்நிலை மாறிக்கொண்டே இருக்கும் நோயாளிக்கு நாங்கள் கணினியையே பரிந்துரைப்பதற்குக் காரணம் இதுதான். நம் பகுதியில் பல வீடுகளில் கைப்பேசி மட்டுமே உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசியுடன் புளூடூத் கன்ட்ரோலரை இணைத்துத் தொடங்கலாம், கைப்பேசியைத் தாங்கியில் வைத்தால் கழுத்துக்கும் நல்லது.

கம்பியுள்ளதா, கம்பியில்லாததா என்று கேட்பவர்களுக்கு: சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கம்பி சக்கரத்தில் சிக்கும், ஆகவே கம்பியில்லாதது. மற்றவர்களுக்குக் கம்பியுள்ளதே தொந்தரவு குறைவு. மின்கலம் தீர்வதும் இணைப்பு அறுவதும் இல்லை. குச்சியைப் பற்றியும் ஒரு சொல். சாதாரணக் குச்சியின் உள்ளே உரசும் பாகங்கள் தேய்ந்தால், தொடாமலேயே திரையில் ஆள் நகரத் தொடங்குவான். இறுக்கத்தால் குச்சியை ஓங்கித் தள்ளும் கைகளில் இந்தத் தேய்மானம் விரைவில் வரும். காந்தப்புலத்தால் இயங்கும் ஹால் எஃபெக்ட் குச்சியில் உரசல் இல்லை. சிறிது கூடுதல் விலை கொடுத்தேனும் அதை வாங்கலாம்.

நோய்க்கேற்ற எச்சரிக்கைகள்

நீரிழிவாலோ தொழுநோயாலோ விரல்களில் உணர்ச்சி குறைந்தவர்கள், ஆடி முடித்ததும் கட்டைவிரலின் தோலைக் கண்ணால் பார்க்க வேண்டும். வலி எச்சரிக்காத கையில் கொப்புளம் புண்ணாகிய பின்புதான் தெரியவரும். வேலூரில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் அழிவதற்கு, உணராமல் ஏற்படும் காயங்களே பெருங்காரணம் என்று காட்டினார். கூர்மையான விளிம்புள்ள குச்சிமூடியைத் தவிர்த்து, மென்மையான ரப்பர் மூடி போடுங்கள்.

பக்கவாத நோயாளிகளில் சிலருக்குப் பார்வைப் பரப்பின் ஒரு பாதி தெரியாது. அல்லது இடப்பக்கத்தையே மனம் கவனிக்காது. அவர் தொடர்ந்து தோற்றால் கையைக் குறை கூறாதீர்கள், திரையின் அந்தப் பக்கத்தில் நடப்பது அவருக்குத் தெரிகிறதா என்று சோதியுங்கள். தளர்ந்த தோளைத் தொங்கவிட்டு ஆட விடாதீர்கள். முன்கைக்குக் கீழ் தலையணை வேண்டும். கையைக் கருவியோடு துணியால் கட்டிவைப்பது, எவ்வளவு அன்போடு செய்தாலும், கூடாது.

தண்டுவடக் காயத்தில், மணிக்கட்டை மேல்நோக்கி உயர்த்தும்போது விரல்கள் தாமாகக் குவியும் சிலருக்கு, அந்தக் குவிதலே பிடிமானம். மணிக்கட்டும் விரல்களும் ஒருசேர நிமிர்ந்து விரியும்படி பெரிய கருவியின்மேல் கையைப் பரப்பிப் பழகினால் அந்தப் பிடிமானம் தளர்ந்துவிடும். இதைவிடப் பெரிய ஆபத்து இருக்கையில் உள்ளது. ஆட்ட மும்முரத்தில் உடலைத் தூக்கி எடையை மாற்றுவது மறந்துபோகும். படுக்கைப்புண் மூடுவதற்கு மாதங்கள் ஆகும். 15 முதல் 30 நிமிடத்திற்கு ஒருமுறை அலாரம் ஒலிக்க வேண்டும். அலாரம் ஒலித்தால், கோல் விழும் நேரமானாலும், எழும்ப வேண்டும்.

டுசென் தசைநலிவு உள்ள சிறுவர்களின் பெற்றோர், விளையாடினால் கை வலுப்படும் என்று நம்பிக் கடினமான விசைகளைத் தேடுவதுண்டு. இந்த நோயில் களைப்படையும் வரை தசையை உழைக்கவிடுவது நன்மை தராது. தோளும் முழங்கையும் தளர்ந்த பின்னரும் விரல்களின் அசைவு பல ஆண்டுகள் எஞ்சும். ஆகவே ஆண்டுக்கொருமுறை கருவியின் அமைப்பை மறுபடி பார்த்து, இன்னும் மென்மையான பொத்தானுக்கு மாறிக்கொண்டே வர வேண்டும். தொடக்கத்திலேயே துளைகள் உள்ள கருவியை வாங்கினால், சுவிட்சை மட்டும் மாற்றினால் போதும்.

இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள், கன்ட்ரோலரின் அதிர்வு மோட்டாரிலும் குச்சியிலும் காந்தம் இருக்கும் என்பதை நினைவிற்கொண்டு, அதை மார்பின்மேல் வைக்காமல் 15 செ.மீ. தள்ளியே வைத்துக்கொள்ள வேண்டும். வலிப்பு நோயுள்ளவர்கள், பளிச்சிடும் ஒளியால் வலிப்பு தூண்டப்படுமா என்று மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

இது மருந்தா?

விளையாட்டால் கை குணமாகும் என்ற விளம்பரங்கள் பெருகிவிட்டதால் இதையும் தெளிவுபடுத்துகிறோம். பக்கவாதத்திற்குப் பின் நின்டெண்டோ வீ கருவியில் ஆடியவர்களையும், சீட்டாட்டம் போன்ற எளிய பொழுதுபோக்கில் கையைப் பயன்படுத்தியவர்களையும் 141 நோயாளிகளிடம் ஒப்பிட்ட ஆய்வு 2016-இல் வெளிவந்தது. இரு சாராரும் முன்னேறினர். இரண்டிற்கும் வேறுபாடு இல்லை. அப்படியெனில் வீட்டிலுள்ள பல்லாங்குழியையும் தாயக்கட்டையையும் நாங்கள் தயங்காமல் பரிந்துரைக்கலாம், பரிந்துரைக்கவும் செய்கிறோம். சோழிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குழியில் போடுவது விரல்களுக்கு எளிதான வேலை அன்று.

சிகிச்சைக்கென்றே செய்யப்பட்ட கருவிகள் வேறு வகை. சென்னை ஐஐடியும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து உருவாக்கிய புளூட்டோ என்ற கை ரோபோ, மணிக்கட்டை மடக்கவும் கையை விரிக்கவும் பிடிகளை மாற்றி மாற்றிப் பயிற்சி தருகிறது. நோயாளி தன் கையின் அசைவால் திரையில் ஒரு விளையாட்டை ஆடுகிறார். தேவைப்பட்டால் இயந்திரம் உதவுகிறது. கடையில் விற்கும் கன்ட்ரோலர் அப்படி உதவாது. அதை மகிழ்ச்சிக்காக வாங்குங்கள்.

மகிழ்ச்சிக்கும் அளவு உண்டு. 1990-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில், மகனுடைய நின்டெண்டோவில் ஐந்து மணி நேரம் தொடர்ந்து ஆடிக் கட்டைவிரல் தசைநாணில் கடும் வலி கண்ட 35 வயதுப் பெண்மணியைப் பற்றிய குறிப்பு வந்தது. 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில், அதிரும் கன்ட்ரோலரை நாளொன்றுக்கு ஏழு மணி நேரம் வரை பிடித்த 15 வயதுச் சிறுவனின் விரல்கள் குளிரில் வெளுத்து, பின் வீங்கி வலித்த செய்தி வெளியானது. கொடைக்கானல் மலையில் வசிப்போர் இரண்டாவதைச் சற்றுக் கவனத்துடன் படிக்க வேண்டும். நலமான கைகளுக்கே இந்நிலை. எங்கள் நோயாளிகளுக்கு முதல் வாரத்தில் ஒரு தடவைக்கு 20 நிமிடம், நாளுக்கு இரு தடவை. மறுநாள் காலையில் வலியோ வீக்கமோ இல்லையென்றால் மெல்லக் கூட்டலாம்.

எங்கள் மறுவாழ்வுப் பிரிவில் கன்ட்ரோலர் குறித்து ஆலோசனை கேட்க வருபவர்கள், வீட்டிலுள்ள இயந்திரத்தின் பெயர், ஆட விரும்பும் விளையாட்டின் பெயர், நோயாளி வழக்கமாக அமரும் இடத்தின் புகைப்படம் ஆகியவற்றைக் கொண்டுவரவும். நோயாளி தமக்கு விருப்பமான விளையாட்டைத் தாமே சொல்லட்டும். ஏற்கெனவே ஒரு கருவியை வாங்கிவிட்டீர்கள் என்றால் அதையும் எடுத்து வாருங்கள். அட்டைப்பெட்டியையும் ரசீதையும் எறிந்துவிட வேண்டாம். திருப்பி அனுப்பும் கடைசி நாள் எது என்பதை ரசீதிலேயே பேனாவால் வட்டமிட்டு வையுங்கள்.